ஸ்க்ரீனில் யாரும் இல்லை

பித்தளைக்குப் புளிதான் சார் சரி. கடையில் பவுடரெல்லாம் விற்கிறார்கள், ஆனால் அந்தப் பளபளப்பு வராது. எங்கள் மண்ணூர்பேட்டை ரப்பர் ஃபேக்டரியில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு பக்கெட்டில் புளியைக் கரைத்து வைப்பார்கள். தொழிலாளிகளுடைய பில்லை எல்லாம் அதில் போய் விழும். தேய்த்துக் கழுவி, தட்டில் அடுக்கி, சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். பூஜை முடிந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். அங்கிருந்து ஆரம்பித்தால்தான் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

என்னை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாக வந்திருக்கிறேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பில்லை என்பது நம்பர் அடித்த பித்தளை வட்டம். ரப்பர் கலக்கும் பெரிய மிஷினுக்குள் சுத்தம் செய்ய இறங்குகிறவர், தன் பில்லையை ஸ்விட்சுக்கு மேலே இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். மாட்டியவரே வந்து கழற்ற வேண்டும். அது தொங்குகிற வரைக்கும் முதலாளியே வந்து சொன்னாலும் ஸ்விட்சை யாரும் தொட மாட்டார்கள்.

நான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெயர் பரந்தாமன். வீடு ஆவடி குவார்ட்டர்ஸில், அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. சாயங்காலம் முகப்பேரில் முதுகலை படிக்கிறேன், வணிகத்துக்கான கம்ப்யூட்டரும் தகவல் நிர்வாகமும். தாட்சாயிணி என் வகுப்பு. கள்ளிக்குப்பத்துப் பெண். அவள் அப்பா பூங்காவனம், நிலத்தை விற்றுவிட்டு எங்கள் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தவர். மிஷினுக்குள் இறங்குவதுதான் அவர் வேலை.

எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். வகுப்பில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று நினைத்துக்கொள்வேன். மற்ற பையன்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள், அதையும் கவனித்தேன்.

கடைசி செமஸ்டரில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். மற்றவர்கள் சம்பளப் பட்டியல், ஸ்டாக் என்று எடுத்தார்கள். அவள் பில்லையை எடுத்தாள். அப்பா உள்ளே இறங்கும் நாளெல்லாம் சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்காதாம். உள்ளே போகிறவர் தன் நம்பரை அடித்துவிட்டுப் போவார், வெளியே வந்து அழிப்பார். நம்பர் இருக்கும் வரைக்கும் ஸ்விட்ச் அறை ஸ்க்ரீனில் சிவப்பாக அவர் பெயர் தெரியும். நல்ல ப்ரோக்ராம் சார். மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

புதுமுறை நம்பிக்கைக்கு வரும்வரை பழையதும் கூடவே ஓட வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். அதன்படி பில்லையும் தொங்கியது, ஸ்க்ரீனும் ஓடியது. ஒரு தப்பும் வரவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டால் படிப்பு முடிந்துவிடும். சிங்கப்பூரில் அவளுக்கு வேலையும் தயாராக இருந்தது. அவள் போய்விடுவாள். எனக்குச் சாக்லேட் வாங்கி வருவதாகச் சொன்னாள்.

எனக்கு ஆறு மாதம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. ப்ராஜெக்டில் ஒரு தப்பு வந்தால் செமஸ்டர் தள்ளிப்போகும். அதற்குள் மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம். அவ்வளவுதான் என் திட்டம். ஆகவே அவள் ப்ரோக்ராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். நம்பர் அடித்து அரைமணி நேரம் ஆனால் அது தானாக அழிந்துவிடும். ஆள் உள்ளே இருக்கும்போது ஸ்க்ரீன் காலியாகும், மேனேஜர் பார்ப்பார், கத்துவார். யாருக்கும் ஒன்றும் ஆகாது, பில்லைதான் தொங்குகிறதே.

நான் வரியைச் சேர்த்த மறுநாள்தான் பூஜைக்கு முந்தின நாள், அன்றைக்குப் பில்லை தொங்காது. அது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது.

அன்றைக்கு அவளுக்குக் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. "நீ ஸ்விட்ச் ரூம்லயே இருண்ணா. பில்லை இல்லாத நாளு, எனக்கு பயமா கீது" என்றாள். இருக்கிறேன் என்றேன். இருந்தேன். அந்த வாக்கை நான் மீறவில்லை.

பூங்காவனம் நம்பரை அடித்துவிட்டுச் சிரித்தார். பல்லில் வெற்றிலைக் கறை. அவருக்கு என் மேல் பிரியம் உண்டு. "இன்னா நைனா, கொக்கி மொட்டையா கீதேன்னு பாக்கிறியா? பில்லை இல்லாட்டி இன்னா, அதான் எம் பொண்ணு காவல் கீதே" என்று ஸ்க்ரீனைத் தட்டிக் காட்டிவிட்டு இறங்கினார்.

ஸ்விட்சில் இருப்பவர் பால்ராஜ், அவர் இறங்கிய பிறகுதான் வந்தார். சுத்தம் முடிந்ததும் மிஷினை ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைப்பது வழக்கம். வெளியே எல்லோரும் அவசரப்பட்டார்கள், பொரி பொட்டலம் வந்திருந்தது. பால்ராஜின் கை பழக்கத்தில் கொக்கியைத் தடவியது. அங்கே ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், உள்ள யார்னா கீறாங்களா?"

நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். பூங்காவனத்தின் பெயர் அப்போதுதான் அழிந்திருந்தது. அழிந்ததை நான் பார்த்தேன்.

நான் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேனேஜர் அங்கே இல்லை. தப்பு எனக்கும் பால்ராஜுக்கும் மட்டும் தெரியும். அவள் சாயங்காலம் வந்து அரைமணியில் அதைச் சரிசெய்துவிட்டு, தேங்க்ஸ்ணா என்று சொல்லி சிங்கப்பூர் போய்விடுவாள். இதெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் மனதில் ஓடியது. அப்பா இல்லாத வீட்டில் மூத்த பெண் எங்கும் போக முடியாது என்பது பிறகுதான் தோன்றியது. பிறகுதான் என்று நம்புகிறேன்.

"ஸ்க்ரீன்ல யாரும் இல்ல" என்றேன்.

அது பொய் இல்லை சார். பால்ராஜ் ஸ்விட்சைப் போட்டார். சத்தம் கேட்டு உடனே அணைத்தும்விட்டார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள்.

கூட்டம் கூடியதும் நான் கம்ப்யூட்டர் அறைக்குப் போய் அந்த வரியை எடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். நீங்களும் கூப்பிட்டு விசாரித்தீர்கள். என் ப்ரோக்ராம்தான் அப்பாவைக் கொன்றது என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் ப்ரோக்ராமை முழுதாக அச்சடித்து வாங்கிக்கொண்டாள். கூடத்தில் அப்பா படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தப்பைத் தேடுகிறாள். இல்லாத தப்பு எப்படிக் கிடைக்கும்? தினமும் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தேடுகிறேன். "நீயாச்சும் கண்டுபுடிச்சுக் குடுண்ணா. எங்கப்பா என்ன நம்பித்தாண்ணா எறங்குச்சு" என்று நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நிஜமான அழுகை சார். அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கஷ்டத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் வந்திருக்கிறேன். அவள் மேல் தப்பில்லை, வரியைச் சேர்த்தது நான், பார்த்துக்கொண்டே நின்றதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்கிறீர்கள். அவள் அம்மா, நீயாவது போய்ப் பிழைத்துக்கொள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சிங்கப்பூர்க்காரர்களும் நல்லவர்கள், பட்டம் பிறகு வரட்டும் என்று வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். தன் மேல் தப்பில்லை என்று தெரிந்திருந்தால் அவள் கிளம்பியிருப்பாள். அந்தத் தேதி நேற்றோடு முடிந்துவிட்டது. அதனால்தான் சார், இன்றைக்கு வந்தேன்.