பேண்ட்சா மெஷின் மேல் பழி இல்லை

பட்டறைத் தொழில் செய்கிற எல்லோருக்கும் வணக்கம். செல்லக்கனி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இந்த வெயிலில் விருதுநகர் பக்கம் தலைவலி இல்லாத ஆளைப் பார்க்க முடியவில்லை. மோர் நிறையக் குடியுங்கள், மத்தியானத்தில் அலையாதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. முட்டி மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது, அதுவும் மாடி ஏறினால்தான்.

சொல்ல வந்தது எங்கள் பட்டறையில் தகடு அறுக்கிற பேண்ட்சா மெஷினைப் பற்றி. சூலக்கரையைத் தாண்டி, சின்னத் தொழில் செய்கிற நாங்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பட்டறை அது. ஆயுத பூசைக்கு முந்தின நாள் அங்கே ஒருத்திக்கு விரல் போய்விட்டது. மெஷினுக்கு ரத்தப் பழி பிடித்துவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார் சண்முகவேல் அண்ணாச்சி. அவர்தான் எங்கள் தலைவர். தலைவர் என்றால் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவார், கூட்டத்தில் முதல் டீயை எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான். நல்ல மெஷினை இப்படிப் பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: இதன் பிளேடு ஒரு ரிப்பன் மாதிரி. இரண்டு முனையும் சேர்த்து ஒட்டியிருக்கும். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், அதைச் சுற்றிக்கொண்டு மேசை நடுவே மேலிருந்து கீழாக ஓடும். தகட்டை மேசை மேல் வைத்து நாம் தள்ள வேண்டும். பிளேடை மறைக்க, ஏற்றி இறக்குகிற ஒரு இரும்பு மறைப்பு உண்டு, கார்டு என்போம். அறுக்கிற சாமானுக்கு மேலே, இடையில் விரல் நுழையாத அளவுக்கு அதை இறக்கி வைத்துவிட்டால் போதும். பிறகு கையை வெட்ட நினைத்தாலும் அந்த மெஷினால் முடியாது. கையுறை போடக் கூடாது, பிளேடு கையுறையோடு கையையும் இழுத்துக்கொள்ளும். முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும், வளையலைக் கழற்ற வேண்டும். கடைசித் துண்டைக் கட்டையால் தள்ள வேண்டும். பிளேடு ஓடும்போது சாமானைப் பின்னால் இழுக்கக் கூடாது. இதற்கு ஒரு கோழியின் மூளை போதும். எங்கள் பட்டறையில் அதுவும் எல்லோருக்கும் இல்லை. அண்ணாச்சியே கையுறையோடு வந்து நிற்பார்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை அழைப்புக்கா போறீக? அதைக் கழத்துங்க."

"கை கறுத்துருமே மதினி."

"கை இருந்தாத்தான கறுக்கும்."

சிரிப்பார். கழற்றமாட்டார். நான் போய்ப் பிடுங்கி வைப்பேன். இப்படித்தான் என் வீட்டுக்காரர் போன பிறகு இத்தனை காலம் அந்த மெஷினைக் காப்பாற்றி வந்தேன்.

மாரிசெல்வி பிறகு வந்தவள். வெம்பக்கோட்டைப் பக்கம். அவள் அம்மாவுக்குக் காட்டுக் கூலி, இவளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் வேலை. பக்கத்து அறை வெடித்தபோது ஓடித் தப்பியவள். இனி மருந்தைத் தொடமாட்டேன் என்று தகட்டு வேலை கற்றுக்கொண்டு வந்தாள். மருந்து அறையில் இரும்பு ஆகாது, உரசினால் பொறி வரும். அதனால் கம்பெனிகளுக்குப் பித்தளையில் கரண்டியும் அள்ளுதட்டும் செய்து கொடுத்தாள். ஆர்டர் குவிந்தது. அவள் தெருவிலிருந்து எங்கள் பட்டறைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். நான் வித்தியாசம் பார்க்கிறவள் இல்லை. அவளுக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தது அவள் கூச்சப்படக் கூடாது என்பதற்காக.

மெஷினை நான்தான் கற்றுக்கொடுத்தேன். சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு கோளாறு. மருந்து அறையில் இருந்தவர்கள் திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்ப்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார்கள். நின்று பார்த்தவர்கள் அங்கே பிழைப்பதில்லை. அந்த ஓட்டம் உடம்பில் ஊறிவிடும். அங்கே உயிரைக் காப்பாற்றுகிற பழக்கம், ஓடுகிற பிளேடுக்கு முன்னால் உதவாது.

ஒரு தடவை வெளியே லாரி டயர் வெடித்தது. அறுத்துக்கொண்டிருந்தவள் ஒரே திருப்பில் வாசலில் நின்றாள். இழுத்த இழுப்பில் பிளேடு சக்கரத்தை விட்டுக் கழன்றது. கார்டு இறங்கியிருந்ததால் கையில் கீறல்கூட இல்லை.

"ஏ மாரி, குக்கர் விசில் அடிச்சா வெம்பக்கோட்டைக்கே ஓடிருவ போலயே" என்றார் அண்ணாச்சி.

"ஓடுனதுனாலதான் அண்ணாச்சி இங்கன நிக்கேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாய் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் தனியாக என்னிடம் வந்தாள். "பெரியம்மா, ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். நான் அறுக்கையில பின்னாடி எதையும் கீழ போட்டுறாதீக. புத்தி நிக்கும், காலு நிக்காது."

"சரி பிள்ளே" என்றேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பேண்ட்சா சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பூசையன்று மெஷினுக்குச் சந்தனம் வைத்து முதல் அறுப்பை அறுக்க வேண்டும். அவரைக் கேட்காமல் அந்த வருஷம் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. சாவி இத்தனை வருஷமும் என்னிடம்தான் இருந்தது. இந்த முறை கூட்டத்தில் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"மதினி, ஒங்களுக்கும் வயசாயிட்டு. மாரி பதனமா வேலை பாக்கா. சாவியை அவகிட்ட குடுத்துருவமா?"

தலையாட்டுவதற்கென்றே சிலர் வருவார்கள். ஆட்டினார்கள்.

"பெரியம்மா இருக்கையில நானா?" என்றாள் மாரிசெல்வி. வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

சத்தத்துக்கு ஓடுகிறவளிடம் சாவியைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "டயர் வெடிச்சா யாருதான் பயப்பட மாட்டாக" என்று முடித்துவிட்டார்கள். சொல்லிப் புரியாதவர்களுக்குக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும்.

பூசைக்கு முந்தின நாள் காலையில், மற்றவர்கள் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் பித்தளைத் தகடு அறுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால், சில்லு அள்ளும் இரும்புத் தட்டோடு நின்றேன். தட்டு கைதவறி விழுந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். வயசான கை, யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. போட்டேன் என்பதுதான் சரி.

தட்டு மட்டும் விழுந்திருந்தால் டயர் வெடித்த அன்று போல ஓடிப்போய் வாசலில் நின்றிருப்பாள். மறுபடியும் சிரித்திருப்பார்கள். அது எனக்குத் தெரியாதா? அதனால் முதலிலேயே, "ஏ பிள்ளே, பிளேடுக்கு மெழுகு போடலையா? அலமாரியில இருக்கு, எடுத்துட்டு வா" என்று அனுப்பியிருந்தேன். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் போனாள். திருகைத் தளர்த்தி, கார்டை மேலே ஏற்றி, மறுபடி நன்றாக இறுக்கினேன். தளர்வாக விட்டால் அதிர்வில் தானே இறங்கிவிடும்.

வந்தவள் மெழுகைத் தேய்த்தாள், மறுபடி சுவிட்சைப் போட்டு அறுக்க ஆரம்பித்தாள், கார்டைப் பார்க்கவில்லை. தான் வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நினைத்தாள். பக்கத்தில் நான்தானே இருந்தேன். இது பெரிய தப்பு. ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பினாலும், கார்டைப் பார்த்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். யார் பக்கத்தில் நின்றாலும் சரி.

தட்டு விழுந்தது. அவள் திரும்பினாள். வலது கை பிளேடு வழியாகப் போனது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

நான் முதலில் மெஷினை நிறுத்தினேன். கார்டைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். பிறகுதான் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து பார்த்தார். கார்டு இறங்கியிருந்தும் விரலை வாங்கிவிட்டதே, இது மெஷின் இல்லை, பேய் என்றார். அந்தப் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் தலைவரின் அறிவு அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"கார்டு எறக்கித்தான் வச்சேன் பெரியம்மா. சத்தியமா வச்சேன்."

"வச்சே பிள்ளே. நானும் பாத்தேன்."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். "பின்னாடி எதையும் போடாதீகன்னு சொல்லியிருந்தேன்ல."

"கைதவறிருச்சு."

"சரி விடுங்க. வயசாயிட்டுல்ல, ஒங்களைச் சொல்லிக் குத்தமில்ல."

படுக்கையில் கிடக்கும்போதும் அந்த வாய் அடங்கவில்லை. எனக்கு வயசானதைப் பற்றி இவள் பேசுகிறாள். சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது அவள் பட்டறைக்கு வருவதில்லை. சந்தனம் நான்தான் வைத்தேன், முதல் அறுப்பும் நான்தான் அறுத்தேன். மெஷின் கோணாமல் அறுத்தது. ஆகவே அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் சொல்வது இதுதான்: கார்டை ஏற்றியது நான், தட்டைப் போட்டது நான், கார்டை இறக்கியதும் நான். மெஷின் தன் வேலையைச் செய்தது. அதை விற்காதீர்கள். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை, இருந்ததும் இல்லை. எல்லாம் பட்டறையின் பாதுகாப்புக்காகச் செய்தது.

உங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் தகுதி இல்லாத ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர்களை நீங்கள் எப்படி வெளியே அனுப்பினீர்கள் என்று விவரமாக எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன். விபத்து என்று மட்டும் எழுத வேண்டாம், நமக்குள் எதற்கு அந்தப் பேச்சு.