அமிர்தலிங்கத்தின் வில்லை

பழைய படகுக்குச் சாயம் பூசுவது பெரிய வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பழைய சாயத்தைச் சுரண்டி எடுப்பதுதான் வேலை. அவசரப்பட்டால் பலகை காயப்படும். அமிர்தலிங்கம் அதில் பொறுமைசாலி. எழுதப் படிக்க எனக்கு நாற்பது வயதுக்கு மேல் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். அதனால் இதை வேறு யாரையும் எழுதச் சொல்லாமல் நானே எழுதித் தருகிறேன்.

அந்தப் படகு எங்கள் ரப்பர் தோட்டத்தின் முந்தைய துரை தன் கையால் கட்டத் தொடங்கியது. ஜப்பான்காரன் வந்தபோது பாதியில் நின்றது. துரை அவர்கள் சிறையிலேயே இறந்துபோனார். லிங்கி ஆற்றங்கரைக் கொட்டகையில் அது பல வருஷம் வௌவால் எச்சத்தில் கிடந்தது. கூரை போட்ட அறை, அதில் படுக்க இடம், எஞ்சினுக்குக் குழி, எல்லாம் அரைகுறை. இப்போதைய துரைக்கு அதில் போர்ட் டிக்சன் கடலுக்குப் போக ஆசை. தச்சன் அமிர்தலிங்கத்திடம் கொடுத்து, என்னையும் கைக்கு உதவியாக வைத்தார்.

உளுத்த பலகைகளைக் கழற்றினோம். புதுப் பலகையைத் தீயில் வாட்டி வளைத்தோம். இடுக்குகளில் கெலாம் மரப் பட்டையை உளியால் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினோம். துரைக்கு இல்லாத அவசரம் எனக்கு இருந்தது. காரணம் என் மகன் மைக்கல்ராஜ். தொழிற்சங்கத்துக்காரர்களைப் போலீஸ் பிடிக்க ஆரம்பித்த வருஷம் அவன் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போனான். பதினாறு வயது. போகும்போது, "ஆத்து வழியா வந்துடறேம்ப்பா, நீ பாத்துக்கிட்டு இரு" என்றான். அவன் தாய் ஜப்பான் காலத்திலேயே இறந்துவிட்டாள். எனக்கு இருப்பது அவன் ஒருவன். சாலையில் வந்தால் உங்கள் ஆட்கள் சுடுவார்கள். சரணடைந்தால் காட்டில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். ஆற்றில் இறங்கிக் கடலைத் தாண்டிச் சுமத்ராவுக்குப் போனால் பிழைப்பான். அதற்கு ஒரு படகு வேண்டும். எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை.

என் இன்னொரு வேலை உங்களுக்குத் தெரியும். காலில் வாதம் வந்து ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாமல் போனபின், எங்கள் குடியிருப்பைச் சுற்றிய முள்வேலி வாசலில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஒரு தகர வில்லை, பலகையில் ஆளுக்கு ஓர் ஆணி. வெளியே போகிறவர் வில்லையைக் கழற்றி என் பெட்டியில் போடுவார். திரும்பி வந்ததும் நான் எடுத்து மாட்டுவேன். படகு வேலைக்குப் போகும் நாளில் வாசல் போலீஸ்காரப் பையன் பெட்டியைப் பார்த்துக்கொள்வான். மத்தியானம் இரண்டு மணிக்கு ஊரடங்குச் சங்கு ஊதும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் அந்தப் பையன் ராணுவத்துக்குச் சொல்லி, ஆள் வரும்வரை சுடாமல் நிறுத்தி வைப்பான். எல்லா ஆணியும் நிறைந்துவிட்டால் வெளியே அசைவதெல்லாம் எதிரி. இதை நம்பித்தான் எங்கள் ஜனங்கள் வெளியே போய் வந்தார்கள்.

சம்பவத்தன்று காலை படகு ஆழமில்லாத தண்ணீரில் கட்டிக் கிடந்தது. பழைய மரம் தண்ணீர் குடித்து உப்பினால்தான் இடுக்கு மூடும். முதலில் வாளி வாளியாக உள்ளே வந்த தண்ணீர் அன்று நின்றுவிட்டது. அடித்தட்டைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டேன்.

"இனிமே அவன் வரவேண்டியதுதான் பாக்கி."

"யாரு, தொரையா? அந்தத் தொந்திக்கு வாசலை இன்னும் கொஞ்சம் அறுக்கணும் லா" என்று அமிர்தலிங்கம் சிரித்தான்.

"என் மகன்."

சிரிப்பு நின்றது. உளியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, மைக்கலு எங்கண்ணே வருவான்? போலீஸ் ஸ்டேசன் வாசல்ல அந்தப் பொணத்தைக் கெடத்தியிருந்தப்ப நானும்தானே ஒங்க பக்கத்துல நின்னேன். எடது காலுல சுண்டுவெரல் இல்ல. நீங்களும் பாத்தீங்க."

"மண்ணு வெட்டுற சங்கூலு விழுந்து வெரல் போனவன் ஊருல அவன் ஒருத்தன்தானா?"

"மூஞ்சி?"

"மூஞ்சி வீங்கியிருந்துச்சு. யாரு மூஞ்சின்னு எவன் சொல்லுவான்?"

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாட்டுனா ஒங்களைத் தூக்குல போட்டுருவாங்கண்ணே. நாளைக்குப் பெரட்டுல தொரைகிட்டச் சொல்லி படகை டிக்சனுக்கு அனுப்பிடறேன். இங்க நின்னாத்தானே ஒங்களுக்கு இந்த நெனப்பு வரும்? கோவிச்சுக்காதீங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது அவன் துரையிடம் சொன்னால் படகு போய்விடும். அதற்கடுத்த வாரமே என் மகன் கரைக்கு வந்து நின்றால் என்ன செய்வது? அமிர்தலிங்கத்துக்கு அப்படி யாரும் காட்டிலிருந்து வரவேண்டியதில்லை. அவனால் நிதானமாகப் பேச முடிந்தது.

"சரிப்பா, சொல்லிடு. சுக்கான் ஆட்டம் குடுக்குது, அதை மட்டும் முடுக்கிட்டு வா. சங்கு ஊதுனாலும் பதறாத. ஒன் ஆணி காலியாத்தானே இருக்கும், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம்?" என்றான்.

நான் வாசலுக்கு வந்தேன். பால்வெட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். சங்கு ஊதியபோது பெட்டியில் அமிர்தலிங்கத்தின் வில்லை மட்டும் கிடந்தது. அதை எடுத்து அவன் ஆணியில் மாட்டினேன். ஆடிக்கொண்டிருந்தது, விரலால் நிறுத்தினேன். போலீஸ்காரப் பையன் பலகையைப் பார்த்துவிட்டு ராணுவத்துக்குக் கொடி காட்டினான்.

கொஞ்ச நேரத்தில் அமிர்தலிங்கத்தின் மனைவி வள்ளிநாயகி கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரா? சோறு ஆறுது."

"வில்லை தொங்குது பாரு தங்கச்சி. தொரை ஆபீஸ் பக்கம் போயிருப்பான் லா."

அவள் பலகையைப் பார்த்தாள். நிம்மதியாகத் திரும்பிப் போனாள். அவள் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள், அதன் பிறகுதான் ஆற்றுப் பக்கம் துப்பாக்கி வெடிச் சத்தம் கேட்டது. நான் பெட்டியைத் துடைத்து மூடினேன்.

ஆள் வெளியே செத்துக் கிடக்க, வில்லை எப்படி உள்ளே தொங்கியது என்று கேட்டீர்கள். நான் மாட்டினேன். தெரிந்தே மாட்டினேன். கை தவறியது என்று சொல்லச் சொல்லி, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எனக்கு ரகசியமாக ஆள் அனுப்பினார். பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. அமிர்தலிங்கத்தைக் கொன்றது நான்தான். என்ன தண்டனையோ கொடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படகை உடைக்காதீர்கள். அது முடிந்துவிட்டது, என் மகன் வந்தால் ஏறிப்படுக்க வேண்டியதுதான். அவன் போய் மூன்று வருஷம், வளர்ந்திருப்பான், படுக்கைப் பலகையை எந்த நீளத்துக்கு அறுப்பது என்று முதலில் திணறினேன். பிறகு அந்தக் கவலை தீர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் அந்தப் பிணத்தைக் காட்டி, இது உன் மகனா என்று சார்ஜன்ட் கேட்டபோது, பக்கத்தில் குந்தி உச்சியிலிருந்து குதிகால் வரை சாண் போட்டுப் பார்த்தேன். ஏழு சாண், நாலு விரல். இவன் என் மகன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து, பலகையை அந்த அளவுக்கே அறுத்துப் பொருத்தினேன்.