எந்தப் ‘பார்த்தேன்’?

— பார்த்தேன்னா எந்தப் பார்த்தேன்? இங்கிலீஷ்ல மூணு இருக்கு.

— பார்த்தேன்னா பார்த்தேன்தான் அண்ணி. ஏதோ ஒண்ணைப் போடுங்க.

— ஏதோ ஒண்ணைப் போட இது என்ன வாழ்த்து அட்டையா? கம்பெனி விசாரணைக்குப் போற காகிதம். கேளு. ‘ஸீ’ன்னா தானா கண்ணுல பட்டது. ‘லுக்’னா நீயா திரும்பிப் பார்த்தது. ‘வாட்ச்’னா கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே நிக்கறது.

— அப்ப வாட்ச் போடுங்க.

— பட்டுனு சொல்லிட்ட.

— அதுதானே என் வேலை. எங்க பேக்கரியில மாவு பிசையற மெஷினை ரெண்டு பேராத்தான் கழுவுவோம். அண்ணன் உள்ள கையை விட்டுத் தேய்ப்பாரு. நான் சுவிட்ச்கிட்ட நிக்கணும், ஈ காக்கா அதைத் தொட விடாம.

— நின்ன. கண்ணை எடுக்காம.

— ஆமா.

— அப்புறம் எப்படி அடுத்த ஷிப்ட்டுக்காரன் வந்து சுவிட்சைப் போட்டான்?

— உள்ள ஆள் கை இருக்கறது அவனுக்குத் தெரியல.

— அவனைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்.

— எழுதுங்க அண்ணி, நேரமாகுது.

— தம்பி, ‘வாட்ச்’னு எழுதினா தப்பு முழுக்க உங்க அண்ணன் தலையில விழும். காவலுக்கு ஆள் நின்னும் அவர்தான் சொல்லாம கையை விட்டார்னு முடிச்சிடுவாங்க. மூணு விரல் போய் ஆஸ்பத்திரியில படுத்திருக்கற மனுஷனுக்கு அந்தப் பேரும் வேணுமா?

— வேற மாதிரி எழுதினா என் வேலை போயிடும்.

— போகும்.

— எவ்வளவு சாதாரணமா சொல்றீங்க.

— நாலு நாளா அழுது தீர்த்தாச்சு. இனியும் அழுதா எழுத்து கோணிக்கும். உனக்கு வேற வேலை தேடிக்கலாம், அவருக்கு விரல் தேட முடியாது. சொல்லு, எந்தப் பார்த்தேன்?

— லுக்.

— திரும்பிப் பார்த்த. அதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்த?

— ஜன்னல் பக்கம். மத்த மெஷினுங்க சத்தத்துல காது கேக்காதுன்னு தள்ளிப் போனேன். போன் வந்துச்சு.

— வேலை நேரத்துல போனா? உங்க அண்ணன் தொடக்கூட மாட்டார்.

— தெரியும்.

— யாரு கூப்பிட்டா?

— அது எதுக்கு அண்ணி?

— விசாரணையில முதல்ல அதைத்தான் கேப்பாங்க. அண்ணன் கை உள்ள இருக்கும்போது அப்படி என்ன தலைபோற அவசரம், எந்த மகராசிக்கு?

— வாட்சே போட்டுடுங்க.

— யாருன்னு கேட்டேன்.

— அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்போ லைன் தானா கட் ஆகல அண்ணி, நான்தான் வச்சேன். ‘உங்க அண்ணன் போனை எடுக்கல, பக்கத்துல இருக்காரா, கொஞ்சம் பாரு’ன்னு சொன்னீங்களே, அப்பதான் பார்த்தேன்.