உள்ளுக்குள்ள ஒரு படி

ஐயோ, அங்க உக்காராதீய சார், இந்தப் பக்கம் வாங்க. அங்க மேல இருந்து மண்ணு விழும். இந்தா, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. ஃபேன் ஓடாது, அது வேற விசயம். டீ குடிக்கீயளா? குடிக்காமப் போனா எப்படி? கார்ப்பரேசன் கமிட்டியில இருந்து ஒரு என்ஜினியர் எங்க சந்துக்குள்ள காலெடுத்து வைக்கதே அதிசயம், அதுவும் தமிழ் ஆளு. மாட்டுங்காவுல இருந்தா வாரீய? பேசுத தோரணையிலயே நெனச்சேன். நாங்க திருநெல்வேலிப் பக்கம் சார், நாங்குநேரி. நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து தாராவிதான்.

சத்தமா? என்ன சத்தம்? ஓ, அதுவா. அது பக்கத்துல கரீம் பாட்சா பாய் பட்டறை. பெல்ட்டுக்கு ஓட்டை போடுவாவ. ஆரம்பிச்சா நாள் பூரா டொக்கு டொக்குன்னு கிடக்கும். நீங்க அதைக் கண்டுக்காதீய, எழுதுங்க. சுடலைக்கண்ணன், அவுக எங்க வீட்டுக்காரவுக. ரெண்டு பயலுவ, வேலைக்குப் போயிருக்கானுவ. அது கீழ. மேல் மாளாவுல, மாடியில, கணேசபாண்டியன், இவுகளுக்கு அண்ணன். அவுக பொண்டாட்டி பூமாரி அக்கா. ஒரு பொம்பளப் பிள்ளை, ஷாலினி, ஏழாங்கிளாஸ் படிக்கா. எல்லாரும் ஒரே குடும்பம் சார். ஒரே குடும்பம்னு எழுதிட்டீயளா?

பாக்காம எப்படி எழுதன்னா, பாருங்க, நான் வேண்டாங்கலயே. டீயக் குடிச்சுட்டுப் பாருங்க. வெளிய இரும்பு ஏணியா? இருக்கத்தான் செய்யுது. அது துணி காயப்போட வச்சது. என்ன சார் சிரிக்கீய? மூணு மணிக்கு வாரோம்னுதான சொன்னாவ. நீங்க காலையிலயே வந்து நின்னா நான் என்ன செய்வேன்?

போன மீட்டிங்குக்கு நானும் வந்திருந்தேன். வார்டு ஆபீஸ்ல, பின்னால செவத்த ஒட்டி நின்னேன். எங்க சந்த இடிச்சுப் பிளாட்டு கட்டப் போற கம்பெனிக்காரன் பெரிய பெரிய படமா மாட்டி வச்சிருந்தான். எங்க சந்து இருக்க இடத்துல ஒரு தோட்டம், ஒரு பெஞ்சு. பெஞ்சுல வெள்ளக்காரக் குடும்பம் ஒண்ணு நாயோட உக்காந்திருக்கு. இந்தச் சந்துல எந்தக் காலத்துல சார் வெள்ளக்காரன் நாயக் கூட்டிட்டு வந்தான்? அதைக்கூட விடுங்க. கீழ இருக்கவனுக்கு இங்கயே பிளாட்டு, மேல இருக்கவனுக்கு இங்க இடம் கிடையாது, எங்கயோ உப்பளத்துப் பக்கம் வாடகை வீடுன்னுட்டாவ. 

அப்பதான் நம்ம கார்ப்பரேட்டர் அம்மா, ஊர்ல கவுன்சிலர்ம்போமே, அவுக எந்திரிச்சாவ. உள்ள படி வச்சு மேலயும் கீழயும் ஒண்ணாப் புழங்குத குடும்பத்தையும் அறுத்து ரெண்டாக்குவீங்களான்னு ஒரே போடு. டை கட்டின அந்தக் கம்பெனிக்காரன் பக்கத்துல இருந்தவன்ட்ட குசுகுசுன்னான். கடைசியில, சரி, உள்ளுக்குள்ள படி இருந்தா ஒரே வீடுதான், கமிட்டி ஆளு நேர்ல பாத்துட்டு வந்து சொல்லட்டும்னு முடிச்சாவ. அந்த நேர்ல பாக்க ஆளுதான நீங்க? நீங்க எழுதினா எழுதினதுதான. அந்தப் பேனாவுலதான் சார் எங்க உசுரு தொங்கிக்கிட்டுக் கிடக்கு.

ஐயையோ, டீக்குள்ள விழுந்துட்டே! சட்டையெல்லாம் சிமெண்டு. குடுங்க, வேற போட்டுத் தாரேன். இருங்க சார், கோவிக்காதீய. சரி, சொல்லிருதேன். பாயும் இல்ல, பெல்ட்டும் இல்ல. பாய் பட்டறை இன்னைக்குப் பூட்டிக் கிடக்கு. மேல எங்க வீட்டுக்காரவுகளும் அவுக அண்ணனுமாச் சேந்து தளத்த உடைக்காவ.

புதுசா ஏமாத்துவேலை செய்யுதோம்னு நெனைக்காதீய. தலையத் தூக்கிப் பாருங்க. அந்தச் சதுரம் மட்டும் நிறம் வேறயாத் தெரியுதா? அங்கதான் சார் படி இருந்துச்சு, மரப்படி. நான் வந்த நாள்ல இருந்து அதுலதான் ஏறி இறங்கினேன். மேல குழம்பு, கீழ சோறு. நடுவுல ஒரு லஃப்டா ஆகி அடைச்சுப் போட்டோம். தண்ணிச் சண்டை. காலையில வர்ற தண்ணிய யாரு முதல்ல பிடிக்கதுன்னு. இதெல்லாம் ஒரு சண்டையா? அக்கா ஒரு மேஸ்திரியக் கூட்டியாந்தா, கல்லப் போட்டு அடைச்சா, வெளிய ஏணி வச்சா. அன்னைக்கோட பேச்சுவார்த்தை பந்த். அண்ணன் தம்பி மொகத்தப் பாத்தாக்கூட திரும்பிக்கிடுவாவ. எங்க வீம்பே எங்களுக்கு வேட்டு வச்சுட்டு பாத்தீயளா.

மீட்டிங் முடிஞ்ச மறுநாளு அக்கா அந்த ஏணியில இறங்கி வாசல்ல வந்து நின்னா. நான் அரிசி களஞ்சுக்கிட்டு இருக்கேன். ஏட்டி, உடைச்சிருவமான்னா. அவ்வளவுதான் கேட்டா. இத்தன வருசத்துக்குப் பெறகு அவ என்ட்ட பேசின முதப் பேச்சு அதுதான் சார். எனக்கு அழுகையா வருது, சிரிப்பா வருது.

இன்னைக்கு உடைச்சதை எப்படி எழுதன்னு கேக்கீய. நியாயந்தான். உங்க வேலைக்கு ஒரு கேடு வந்தா யாரு பதில் சொல்லுவா? ஆனா படி இருந்தது பொய்யில்லயே. அடுத்தவன் செவத்தயா உடைச்சோம்? எங்க வீட்டு ஓட்டைய நாங்களே அடைச்சோம், நாங்களே தொறக்கோம். காலுல வேணாலும் விழுதேன். இந்தா... சரி, சரி, விழல. எந்திரிக்காதீய.

எனக்கு என்ன லாபமா? நல்லாக் கேட்டீய. எல்லாரும் அதைத்தான் கேக்காவ. உனக்குத்தான் பிளாட்டு உறுதி, கால நீட்டிப் படுக்கதை விட்டுட்டு எதுக்கு இன்னொரு குடும்பத்த இழுத்து உள்ள போட்டுக்கிடுதன்னு பெத்த பயலுவளே ஏசுதானுவ. ஏழு பேரு அந்த ஒரு ரூம் பிளாட்டுல எப்படிக் கிடப்பீயன்னு நீங்க கேப்பீய. நெருக்கியடிச்சுக் கிடப்போம் சார். நான் கதவுக்கு வெளிய வராண்டாவுல படுத்துக்கிடுதேன். எனக்கு ஒரு பாயி போதும்.

எங்க போறீய? சார், சார், கதவத் தொறக்காதீய. ஒரே நிமிசம். கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. மேல அந்தச் சத்தம் கேக்க வரைக்குந்தான் நான் இதைச் சொல்ல முடியும். பிள்ளை மேலதான் இருக்கு. காதுல விழுந்துரக் கூடாது.

ஷாலினி நான் பெத்தது சார்.

தண்ணிச் சண்டையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அக்காவுக்கு வயித்துல தங்கவேயில்ல. எனக்கு ரெண்டு பயலுக்குப் பெறகு இது வந்துச்சு. பால்குடி பிள்ளையா அவ மடியில போட்டேன். யாரும் புடுங்கல, நானாத்தான் குடுத்தேன். எங்க போயிரப் போறா, படியேறினாப் பாத்துக்கிடலாம்னு நெனச்சேன். அது நடக்கப் பழகினதும் படியில உக்காந்து உக்காந்து இறங்கி இங்க வந்துரும். என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். ஒரு நாளு சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கையில என்னைய அம்மான்னு கூப்பிட்டுட்டு. யாரும் சொல்லிக் குடுக்கல சார், சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல. அக்கா மொகம் செத்துப் போச்சு. மறுநாளே மேஸ்திரி வந்துட்டாரு. நான் அவளக் குத்தம் சொல்ல மாட்டேன். அவ இடத்துல நான் இருந்தாலும் அடைச்சுத்தான் இருப்பேன்.

பெறகு எனக்கு அவ காலுச் சத்தந்தான். இந்தா, நீங்க உக்காந்திருந்த இடத்துலதான் படுத்துக்கிட்டுக் கேப்பேன். ஸ்கூல் விட்டு வந்தாப் பைய மூலையில தொப்புன்னு போடுவா. ஒத்தக் காலுல குதிச்சு விளையாடுவா. காய்ச்சல்னா நடை சோந்து போயிரும். எனக்குத் தெரியும், ஆனா போய் நெத்தியத் தொட்டுப் பாக்க முடியாது. உப்பளத்துப் பக்கம் போயிட்டான்னா நான் எதைக் கேப்பேன்? எனக்கு நல்ல பிளாட்டுத்தான் குடுப்பாவ, லிப்டு இருக்கும், தண்ணி வரும். மேல எவனோ நடப்பான் சார்.

அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நான் சித்திதான், சித்தியாவே இருந்துட்டுப் போறேன். பக்கத்துல...

நின்னுட்டு. சத்தம் நின்னுட்டு சார். ஒண்ணும் பேசாதீய.

தள்ளி வாங்க, கல்ல எடுக்காவ. ஏங்க, பாத்து! ஆளு நிக்கோம் கீழ! ஆத்தாடி, எம்புட்டு வெளிச்சம். அக்கா, என்ன செய்யுத? பிள்ளைய எதுக்கு முதல்ல இறக்குத? கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு, கீறிரும். பொறு, பொறு, ஸ்டூலப் போடுதேன். சார், இது ஆடும், அந்த ஃபைலக் கீழ வச்சுட்டு இதைக் கொஞ்சம் பிடிங்க. ஆங், அப்படியே அமுத்திப் பிடிங்க.

தாயி, காலத் தொங்கப் போடு. கீழ பாக்காத, என்னையப் பாரு. யாரா? கமிட்டி சார், நம்ம வீட்டுப் படியப் பாக்க வந்திருக்காவ. இந்தா, இந்தத் தோளுல மிதி. அடியேய், என்னா கனம், எப்பட்டி இம்புட்டு வளந்த? சித்தி பிடிச்சுட்டேன். அக்கா, கைய விடுக்கா. விடுக்கா, நான் பிடிச்சுக்கிட்டேன்.