எல்லையில் நின்ற எருமை

மாட்டுங்கா பஸ் க்யூவில் எனக்கு முன்னால் பதினோரு பேர். இடமிருக்குமோ என்ற கவலை எனக்கு. முன்னே நின்ற இளம் டீச்சருக்கு வேறு கவலை.

"எருமையால என் வேலை போயிரும்க்கா."

"எந்த எருமைடி?" என்றாள் கூட இருந்த மூத்த டீச்சர்.

"செங்கோட்டையில மாநில எல்லை மாறினதை ஒன்பதாம் கிளாசுக்குக் கதையாச் சொன்னேன். எங்க அத்தை வீடு இந்தப் பக்கம், எருமை மேயற இடம் அந்தப் பக்கம்னு. இன்னிக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து எல்லையைப் பத்திக் கேட்டா, பிள்ளைக எல்லாம் எருமையைத்தான் சொல்லுதுக."

"திட்டினாரா?"

"அவரு பெல்காம்காரரு, அவங்க ஊர்லயும் எல்லைத் தகராறு. எருமை கடைசில எங்கே மேஞ்சுதுன்னு நாளைக்கு நான் அவர்ட்ட சொல்லணுமாம்."

"சொல்லேன்!"

"வீடும் எல்லையும் நிசம்க்கா. எருமை நான் சேர்த்தது."

பஸ் வந்தது. மூத்தவள் ஏறிக்கொண்டே சொன்னாள்: "விடியறதுக்குள்ள அதை எங்கேயாவது மேயவிடுடி!"