கட்டம் இல்லாத வரி

— பால்கோவா எதுக்குல எட்வினு? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு நன்றி சொல்ல வேற பண்டமே தெரியாதா?

— தெரியாதுக்கா. பிரிச்சுச் சாப்பிடுங்க. போன வாரம் நீங்க மட்டும் கேக்கலன்னா தப்பான புரோகிராமக் குடுத்துட்டுப் போயிருப்பேன்.

— நான் என்னத்தக் கேட்டேன்? நான் பேண்டேஜ் பேக்கிங் சூப்பர்வைசரு. எனக்கு ஜாவாவும் தெரியாது, கீவாவும் தெரியாது.

— ‘முன்ன ஆஸ்பத்திரிக்காரங்க போன்ல ஆர்டர் சொன்னா நாலு வார்த்த பேசுவாக. இப்ப தாளு மொட்டையா வருது, ஒரு மனுசப் பேச்சு இல்ல’ன்னீகல்ல?

— அது கேள்வி இல்லல, பொலம்பல்.

— அந்தப் பொலம்பலக் கேட்டுத்தான் பழசையெல்லாம் தோண்டிப் பாத்தேன். ஒரு நிமிசம்க்கா, உக்காருங்க. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் நமக்கு ஒரு கடுதாசி அனுப்புது. அளவு, எண்ணிக்கை, தேதின்னு ஒவ்வொண்ணுக்கும் தலைப்புப் போட்டு. அத நான் என் ஜாவா புரோகிராமுக்குள்ள கட்டங் கட்டமா நிரப்பணும். டேட்டா பைண்டிங்னு பேரு. எப்படி நிரப்பறதுங்கறதுக்கு மூணு வழி இருக்கு.

— சீக்கிரம் சொல்லு, செத்த நேரத்துல லாரி வந்துரும்.

— மொத வழியில, பேசி வச்ச தலைப்புக்கு மட்டும் கட்டம். வேற எது வந்தாலும் சத்தமில்லாம விழுந்துரும். ரெண்டாவது, கட்டமே வேணாம், கடுதாசிய அப்படியே வச்சுக்கிட்டு வேணுங்கறப்ப தேடிக்கிடலாம்.

— வெளங்கிரும்! தடவைக்குத் தடவ மூட்டையப் பிரிச்சா பேக்கிங் எப்பம் முடிய?

— அதான். மூணாவது, கட்டமும் இருக்கும், பக்கத்துல ஒரு பையும் இருக்கும். கட்டம் இல்லாததெல்லாம் பைக்குள்ள சேந்துக்கிடும்.

— மொதலாளி எதச் சொல்லுதாரு?

— மொத வழிய. பேசாத சாமான் நமக்கெதுக்குங்காரு. இன்னைக்கு மூணு மணிக்கு முடிவு. பை வேணும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு.

— நான் எதுக்குச் சொல்லணும்? அவரு சொல்லுதது சரிதானல. அளவுல இல்லாதது கழிவு. இருவது வருசமா நான் அப்படித்தான் கழிக்கேன்.

— சோதனைக்கு ஓட்டுன இந்த நாலு மாசமும் நானும் கழிச்சிருக்கேன்க்கா, தெரியாமலே. நேத்து பைய வச்சு எல்லாக் கடுதாசியையும் மறுபடி ஓட்டுனேன். முப்பத்தோரு வரி சிக்குச்சு. ஆஸ்பத்திரியில ‘குறிப்பு’ன்னு புதுசா ஒரு தலைப்பு வச்சிருக்காக, நம்மகிட்ட சொல்லல. அம்புட்டும் ஒரே ஆளு எழுதுனது.

— யாருல?

— ஞானபாக்கியம்னு ஒரு சிஸ்டரு. தீக்காய வார்டு. வாசிக்கட்டா?

— வாசி.

— ‘பேண்டேஜ் சுருளின் நுனியை ஒரு விரல் அகலம் வெளியே மடித்து வைக்கிறவருக்கு நன்றி. உறை போட்ட கையால் நுனியைத் தேடிச் சுரண்ட வேண்டியதில்லை. ஒரு கையாலேயே பிரித்துவிடுகிறேன். இன்னொரு கையைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.’

— இன்னொரு தடவ வாசி.

— அடுத்தது கேளுங்க. ‘இன்று ஒரு சின்னவள் என் சுண்டுவிரலைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். மடித்தவருக்குச் சொல்லவும்.’

— முப்பத்தொண்ணும் இப்படியேவா?

— ஒண்ணுல மட்டும் பஞ்சு அனுப்புதவனத் திட்டியிருக்காக. அது நம்ம இல்ல.

— கடைசியா என்ன எழுதியிருக்கா?

— ‘இரண்டு பெட்டிகளாக மடிப்பு இல்லை. மடிக்கிறவருக்கு உடம்பு சரியில்லையா? நலமாக இருந்தால் போதும்.’ எக்கா, நீங்கதான அது? சண்முகத்தாய் கை படாம இங்கருந்து எந்தச் சுருள் போகுது?

— இந்தப் பால்கோவாவ மூடி வையி. மூணு மணிக்கு நான் வாரேன். பை வேணும்னு நானே சொல்லுதேன்.

— ரொம்ப நன்றிக்கா! இப்பவே சிஸ்டருக்குப் பதில் போட்டுருதேன், உங்க பேரோட.

— என் பேரப் போடாத. அந்த மடிப்பு என் கை இல்ல. வெங்கடேஸ்வரி கை.

— அவுக வேலைய விட்டு நின்னு மூணு வாரம் ஆச்சே?

— அவளா நிக்கல. அவ வந்த கடைசி நாளுதான் அந்த மடிப்பு என் கண்ணுல பட்டுச்சு. அளவுத்தாள்ல இல்லாத மடிப்புன்னு, அவ பெட்டிய அம்புட்டுப் பேரு முன்னாடியும் கொட்டிக் கழிச்சவ நான். ‘யாருக்காச்சும் ஒத்தாசையா இருக்கும்க்கா’ன்னா. நான் காதுலயே போட்டுக்கல. மறுநா அவ வரல. கான்சாபுரத்துல வீட்டுலதான் இருக்கா, நான் போனா மொகம் குடுக்க மாட்டா. எட்வினு, சாயங்காலம் உன் வண்டியில என்னையக் கூட்டிட்டுப் போறியா? நீ உள்ள போய் அவளுக்கு இத ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டு, நான் தெருவுலயே நின்னுக்கிடுதேன்... செய்வியால?