வாட்சுச் செயினில் மஞ்சள்

பெரியசாமி: நாளைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க உன்னய உறுதி பண்ண வாராங்க. இன்னைக்குன்னு என்ற வாட்சத் தண்ணியில போட்டிருக்கறயே, சாமி?

சௌமியா: வாட்சு டீவிகிட்ட இருக்குதுங்கப்பா. செயின மட்டுந்தான் கழட்டிப் போட்டேன். நாளைக்குப் பளபளன்னு கட்டிக்கோங்க.

பெரியசாமி: தேனடையக் கலைச்சாப்புல ஙொய்யிங்குது?

சௌமியா: மிசினுங்க. மூக்குக் கண்ணாடிக் கடையில வெச்சிருப்பாங்கல்ல, அது. கொலுசு கழுவ ஆன்லைன்ல வாங்குனேன். தண்ணிய அதிர வெச்சே கண்ணிக்குள்ள இருக்கற அழுக்கத் தள்ளிரும். நீங்க போயிக் குளிங்க.

பெரியசாமி: இரு, பாக்கறேன்... அட, பொகையாட்டங் கெளம்புது. உங்கப்பன் லாரி போன ஊரு மண்ணு பூராவும் இதுலதே கெடக்குது.

சௌமியா: ஒரு வயலே போடலாமுங்க. குளிங்கன்னா...

பெரியசாமி: சௌமியா... தண்ணி ஏன் செவக்குது? ரத்தமா?

சௌமியா: துருவுங்க.

பெரியசாமி: எவர்சில்வர்ல ஏது துரு? சோப்புத்தூளு போட்டியா?

சௌமியா: துளியூண்டு... ஏனுங்க?

பெரியசாமி: சோப்புப் பட்டாச் செவக்கறது மஞ்சதே.

சௌமியா: ...ஈரோட்டுல மஞ்ச லோடு ஏத்துனீங்கல்லங்க. அதா இருக்கும்.

பெரியசாமி: ஆமாமா. லோடுதே. வேறென்ன... கண்ணியில அதென்ன, நூலு?

சௌமியா: சாக்கு நூலுங்க. தள்ளுங்க, கொட்டீர்றேன்...

பெரியசாமி: கொட்டாத. சாக்கு நூலு இத்தன சன்னமாவா இருக்கும்?

சௌமியா: அப்பா...

பெரியசாமி: போதுஞ் சாமி. உனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் துருங்கறே, சாக்குங்கறே. அப்பன் மானம் போயிரக் கூடாதுன்னு.

சௌமியா: எனக்கு... என்னங்க தெரிஞ்சுது?

பெரியசாமி: தாலி கட்டறப்ப வாட்சக் கழட்டோணும்னு ரோசனையே வருல எனக்கு. அந்த மிசின நிறுத்து கண்ணு.

சௌமியா: தாலியா... நீங்களா? யாருக்குங்க?

பெரியசாமி: மாரக்காளுக்கு. சங்ககிரியில, லாரிப் பட்டறைகிட்ட மெஸ்சு வெச்சிருக்குதே. ஜேடர்பாளையத்துல, ஆத்தோரக் கோயில்ல வெச்சு... ரெண்டு மாசமாச்சு.

சௌமியா: அவுங்க குடுத்துட்ட மீன் கொழம்பத்தானுங்களா நான் போன வாரம் சட்டிய வழிச்சுத் தின்னேன்?

பெரியசாமி: அதே. உங்கம்மா போனதுல இருந்து ஒத்தையில ஓட்டுனேன். உன்னயக் கட்டிக் குடுத்துட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு அவிங்க காதுக்குப் போச்சுன்னா உன்ற கல்யாணமே நின்னுரும்... ஏதாச்சும் பேசு சாமி. திட்டவாச்சும் திட்டு.

சௌமியா: நான் எந்த வாயிலங்க திட்டறது... இது உங்க மஞ்சளே இல்லீங்கப்பா. போன வாரம் நீங்க வாட்ச வெச்சுட்டு லோடுக்குப் போயிருந்தப்ப, எடப்பாடித் தறிக்காரரு பூபதி கையில நாந்தானுங்க இதக் கட்டியுட்டேன்... அந்தக் கையிலதான் அவரு எனக்குத் தாலி கட்டுனாரு.